7,000 எங்கிருந்து வந்தது?

தாம்பரம் முதல் பல்லாவரம் வரை ஜிஎஸ்டி சாலையோரக் கடைகளில் கிடைக்கும் எஸ்எஸ்டி பெட்டிகளில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரே ஓர் எண். சாட்டா வகைக்கு நொடிக்கு 550 எம்பி அளவில். என்விஎம்இ வகைக்குப் பெரும்பாலும் 3,500 அல்லது 7,000. கம்பெனி வேறு, சிப் வேறு; எண் மட்டும் ஏன் ஒன்றுபோல வருகிறது? அதன் ஊற்றைத் தேடினேன். பொருள் நமக்கு அந்நியமில்லை. 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் தொடங்கிய மெப்ஸ் வளாகத்தில் ஆலை வைத்திருக்கும் சிர்மா எஸ்ஜிஎஸ் நிறுவனத்தின் தயாரிப்புப் பட்டியலிலேயே எஸ்எஸ்டி உண்டு. ஆனால் எண்ணின் வேர் எந்த ஆலையிலும் இல்லை; கணினியையும் டிஸ்க்கையும் இணைக்கும் பாதையில் இருக்கிறது. சாட்டா பாதையில் நொடிக்கு 6 கிகாபிட் போகும். பத்து பிட்டில் எட்டே தரவு என்பதால் 600 எம்பி. கட்டுப்பாட்டுச் செய்திகள் போக மிஞ்சுவது 550 சொச்சம். என்விஎம்இ டிஸ்க்குகள் பயன்படுத்தும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில், நான்காம் தலைமுறையின் நான்கு தடங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 7,880. மூன்றாம் தலைமுறைக்கு அதில் பாதி. பெட்டி நமக்குச் சொல்வது சாலையின் அகலத்தை.

அடுத்து, சிறு கோப்புகளுக்கான சோதனையில் வரும் 32. சாட்டாவின் என்சிகியூ முறையில் ஒரே நேரத்தில் 32 கட்டளைகள் வரிசையில் நிற்கலாம். அந்த உச்சவரம்பே சோதனை அளவாக நிலைத்தது. சிறுசேரி சிப்காட்டின் தரவு மையங்களில் அப்படி வரிசை நிற்பது அன்றாடம். சேலையூரில் டேலியில் கணக்கு எழுதுபவரின் கணினியோ பெரும்பாலும் ஒவ்வொன்றாகத்தான் கேட்கும். ஒரு 4 கேபி துண்டைப் படிக்க 60 மைக்ரோநொடி என்று வைத்தால், நொடிக்குச் சுமார் 16,700 முறை, அதாவது 68 எம்பிதான். எழுதுவதிலும் இதே கதை. ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஸ்க், முதலில் ஒரு பிட் மட்டும் வைத்து விரைந்து எழுதும். அதற்கென ஒதுக்கிய தற்காலிக இடம் நிரம்பியதும் வேகம் சரியும். சில மலிவு வகைகள் ஹார்ட் டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் சூடேறினால், டிஸ்க் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும்.

பொது அளவுகோல் இல்லாமல் எப்படி ஒப்பிடுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நேர்மையான அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. சேமிப்புச் சாதனத் துறையின் ஸ்னியா அமைப்பு வகுத்த சோதனை முறை டிஸ்க்கை முழுதும் அழித்து, கொள்ளளவைப் போல் இருமடங்கு எழுதி, அடுத்தடுத்த ஐந்து சுற்றுகளில் வேகம் நிலைபெற்ற பிறகே முடிவைக் குறிக்கச் சொல்கிறது. வீட்டுப் பயனர் ஒரேயடியாக அவ்வளவு எழுதமாட்டாரே என்பது இன்னொரு வாதம். உண்மை. அப்படிப்பட்டவர் 7,000-ஐயும் தொடப்போவதில்லை. அதற்கு மட்டும் ஏன் கூடுதல் விலை கொடுக்க வேண்டும்? ஒற்றைக் கட்டளையில் படிக்கும் வேகம், தற்காலிக இடம் நிரம்பிய பின் எழுதும் வேகம், சோதித்தபோது இருந்த வெப்பநிலை: இம்மூன்றும் பெட்டியில் அச்சாக வேண்டும். கஷ்டப்பட்டுச் சேர்த்த பணத்தில் பிள்ளையின் லேப்டாப்புக்கு டிஸ்க் வாங்கும் குடும்பத்துக்கு, சாலையின் அகலத்தைவிட வண்டி எப்படி ஓடும் என்பதே தெரிந்தாக வேண்டும்.