சுண்ணாம்புத் தொட்டியும் என் மோவாயும்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது எல்லோரும் 'தன்னம்பிக்கை', 'சுற்றுச்சூழல்' என்று தலைப்பு கொடுத்தார்கள். நான் கொடுத்ததைப் பார்த்துவிட்டு பேரவைச் செயலாளர், "இது மலருக்குச் சரிப்படுமா?" என்றார். சரிப்படும் சார். கைக்குட்டையால் மோவாயை மறைத்துக்கொண்டு நடக்கிற பெண் நம் காலேஜில் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

எனக்குப் பதினைந்து வயதிலிருந்து மோவாயிலும் தாடை ஓரத்திலும் கறுத்த முடி. விரிஞ்சிபுரத்திலிருந்து வருகிற டவுன் பஸ்ஸில் எனக்கு வைத்த பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வைத்தவர்களுக்குத் தெரியும்! பாட்டி கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனி இலையும் அரைத்துப் பூசினாள். சித்தி நூல் போட்டாள். முடி போகும், திரும்ப வரும். கடைசியில் அம்மாதான், "தோல் டாக்டரம்மா கிட்டயே போலாம் வா" என்று கூட்டிப் போனார். அம்மா ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர். ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு.

டாக்டரம்மா உடனே ஊசியை எடுக்கவில்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எழுதிக் கொடுத்தார். பல பெண்களுக்குச் சினைப்பையில் ஆண் ஹார்மோன் கூடுதலாகச் சுரப்பதால்தான் இப்படி முடி வருகிறதாம். அதைக் கவனிக்காமல் முடியை மட்டும் எடுத்தால், எடுத்த வேர் போய்விடும். பக்கத்தில் பூனைமுடியாக இருந்தது கறுத்து வளர ஆரம்பித்துவிடும். மாத்திரை ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம் என்று முடிவானது.

அந்த ஊசி வைத்தியத்தின் பெயர் எலக்ட்ராலிசிஸ். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாண்டு கெமிஸ்ட்ரியில் மனப்பாடம் செய்தோமே, அதேதான்! உப்புக் கரைசலில் டி.சி. கரண்ட் விட்டால் கேத்தோடில் ஹைட்ரஜனும் சோடியம் ஹைட்ராக்சைடும், ஆனோடில் குளோரினும் வரும். முடிக்குழிக்குள்ளும் உப்பும் ஈரமும் இருக்கின்றன. முடி அளவே மெல்லிய ஊசியை அதற்குள் இறக்குகிறார்கள். அது நெகட்டிவ். நாம் கையில் பிடித்திருக்கும் உலோகத் தண்டு பாசிட்டிவ். மில்லி ஆம்பியர் கணக்கில் கரண்ட் போனால் போதும், குழியின் அடியில் துளி காஸ்டிக் சோடா உண்டாகி வேரை அரித்துவிடும். 1875-ல் அமெரிக்காவில் சார்லஸ் மைக்கேல் என்ற கண் டாக்டர், கண்ணுக்குள் திரும்பிக் குத்துகிற இமைமுடியை எடுக்க இதைச் செய்தார். உயர் அதிர்வெண் கரண்டால் சூடாக்கி வேரை அழிக்கும் முறையும், இரண்டையும் கலந்த முறையும் பிறகு வந்தவை.

என் அப்பா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்க்கிறவர். சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த தண்ணீரில் தோலை ஊறப்போட்டால் பி.எச். 12-க்கு மேலே போகும், முடி தானாகக் கழன்று வரும். அப்பா மொத்தத் தோலுக்குச் செய்வதை டாக்டரம்மா எனக்கு ஒவ்வொரு வேராகச் செய்கிறார். ஆட்டுத் தோலுக்கு வலிக்காது. ஆனால் அது ஆறவும் ஆறாது. என் தோல் ஆறியாக வேண்டும். அதற்கு நாம் வழிவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

முதலில், போவதற்கு முன்பு. நூல், வேக்ஸ், பிடுங்கும் இடுக்கி எதுவும் சில வாரத்துக்குக் கூடாது. வேர் இருந்தால்தானே ஊசி வேரைத் தேடிப் போகும்! கத்தரிக்கோலால் வெட்டலாம், ஆனால் ஊசி போடும் அன்று முடி ஒன்றிரண்டு மில்லிமீட்டராவது வெளியே தெரிய வேண்டும். முகத்தில் பவுடர், க்ரீம் இல்லாமல் போக வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், காயம் பட்டால் தழும்பு தடித்து வளர்கிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஆளுக்கொரு புது ஊசி, உங்கள் கண் முன்னால் உறை பிரிக்க வேண்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள். ரத்தம் மூலம் பரவும் நோய்கள் விளையாட்டில்லை.

முடிந்த பிறகு எப்படி என்பதை எனக்குச் சொல்லித் தந்தது காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு திருநங்கை அக்கா. 2008-லேயே அவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு நலவாரியம் அமைத்துவிட்டது, நாம் மட்டும் இன்னும் பஸ்ஸில் அவர்கள் பக்கத்து சீட்டில் உட்காரத் தயங்குகிறோம். சிம்டாவால் தினமும் தாடியைப் பிடுங்கிப் பிடுங்கிப் புண்ணான முகத்தோடு வருஷக்கணக்கில் இருந்தாராம். "ஐஸைத் துணியில சுத்தி ஒத்தணும் பாப்பா, தேய்க்கக் கூடாது. ரெண்டு நாளைக்கு அந்த இடத்துல கையே படக்கூடாது" என்றார். சிவப்பும் வீக்கமும் சில மணி நேரத்தில் அடங்கும். ஒன்றிரண்டு நாளில் குண்டூசித் தலை அளவு பொருக்கு கட்டும்.

சோப்பு ஏன் கூடாது தெரியுமா? நம் முகத்தோலின் பி.எச். ஏறக்குறைய 5. குளியல் சோப்பு பெரும்பாலும் 9, 10. காஸ்டிக் பட்டு இப்போதுதான் தணிகிற இடத்தில் மறுபடியும் காரமா! வெறும் குளிர்ந்த தண்ணீர் போதும். வெந்நீர், ஆவி, வியர்க்கிற வேலை, வேலூர் வெயில் எல்லாம் இரண்டு நாள் தள்ளி நிற்கட்டும். (வெயிலைத் தள்ளி நிற்கச் சொல்ல வேலூரில் யாரால் முடியும்? குடை பிடித்தேன்.) பாட்டியின் மஞ்சளுக்கும் அந்த நாட்களில் தடை. அம்மியில் அரைத்ததைத் திறந்த குழிகளில் பூசினால் எரிச்சல் வரும், சீழும் பிடிக்கலாம். பாட்டி இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள்.

பொருக்கு அரிக்கும். நகம் தானாக அங்கே போகும். அதைப் பார்த்துவிட்டு அப்பா ஒரு நாள் சொன்னார்: "கிரெயின்ல கீறல் வுழுந்தா வெள்ளையா இருக்கறப்பத் தெரியாதும்மா. சாயம் ஏத்தனப்புறம் பாரு, அப்பட்டமா தெரியும்." நம் நிறத் தோலுக்கு இது நூற்றுக்கு நூறு சரி. பொருக்கைப் பிய்த்த இடம் மாதக்கணக்கில் கறுப்புப் புள்ளியாக நிற்கும். மூன்றாம் வகுப்பு வரை போன அப்பா சொன்னதையேதான் டாக்டரம்மாவும் இங்கிலீஷில் சொன்னார்.

லேசர் சீக்கிரம் முடியுமே என்று சிலர் கேட்டார்கள். லேசர் முடியின் கறுப்பைத் தேடிப் போவது. கறுத்த தோலில் அதற்கேற்ற மெஷினும் பழகிய கையும் இல்லாவிட்டால் தோலையே சுட்டுவிடும். ஊசிக்கு நிறம் தெரியாது. ஆனால் பொறுமை வேண்டும். எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை, அதனால் ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகும். எனக்கு இது ஏழாவது மாதம். இடது பக்கம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

வருகிற தை மாதம் வெள்ளிக்கிழமை பெரியம்மா மகள் கல்யாணம். மறுநாள் சனிக்கிழமை எனக்கு ஊசி. சித்தி இப்போதே நூலை எடுத்து வைத்துக்கொண்டு, "போட்டோல நல்லா இருக்க வேணாமாடி?" என்கிறாள். வலது பக்கம் முடி இருக்கட்டும் சித்தி, வேர் வேணும் என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.