பெயர் பெற்ற நண்டு

புதிய உயிரினங்களைக் காண வேண்டுமாயின் ஆழ்கடலுக்கோ, மனிதர் கால் படாத பெருங்காட்டிற்கோ செல்லல் வேண்டும் என்றே நம்மிற் பெரும்பாலோர் எண்ணுகிறோம். வீதியும் விளக்கும் மாடிக் கட்டடங்களும் நிறைந்த சிங்கப்பூரில் இனிக் கண்டறிய என்ன இருக்கிறது என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு விடை கூற ஒரு சிறு நண்டு போதும்.

புக்கிட் தீமாக் குன்றை அறியாதார் இத்தீவில் இலர். 1854-ஆம் ஆண்டில் ஆல்பிரட் ரசல் வாலஸ் என்னும் ஆங்கில அறிஞர் அக்குன்றின் அருகே வந்து தங்கினார். புலி உலவிய காலம் அது. புலியை வீழ்த்த வெட்டிய குழிகள் காட்டினுள் ஆங்காங்கே இருந்தமையை அவரே எழுதி வைத்துள்ளார். ஏறத்தாழ இரண்டு மாத அளவில் அவர் திரட்டிய வண்டு வகைகள் 700-க்குக் குறையா. அவற்றுட் பல, அதுகாறும் அறிஞருலகம் அறியாதவை. ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டுத் துண்டிலேயே அவற்றிற் பெரும்பாலானவை கிடைத்தன என்றால் வியப்பன்றோ?

இவ்வளவும் எதனாற் கிடைத்தது? தம் திறமையால் என்று வாலஸ் பெருமை பேசவில்லை. அங்கே ஆண்டுக்கணக்காய் மரம் வெட்டி அறுத்துக்கொண்டிருந்த சீனத் தொழிலாளரின் உழைப்பே துணை நின்றது என்று அவர் ஒப்புக்கொண்டார். அவர்கள் வீழ்த்திய மரங்களின் பட்டையும் இலையும் மரத்தூளும் மக்கிக் கிடந்து வண்டினங்களுக்கு உணவாயின. வண்டுகளுக்குப் பெயர் கிடைத்தது. வாலஸுக்குப் புகழ் கிடைத்தது. மரம் வெட்டியோர் மட்டும் வரலாற்றில் 'மரம் வெட்டிகள்' என்றே நின்றுவிட்டனர்.

இத்துணைக் கூர்ந்து நோக்கப்பட்ட அதே குன்றின் ஓடையிலிருந்து, 132 ஆண்டுகள் கழித்து, 1986-இல், ஒரு நண்டு புதிய இனமென அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் சிங்கப்பூர் அறிஞர் பீட்டர் இங். 'ஜொகோரா சிங்கப்பூரென்சிஸ்' என்பது அதன் அறிவியற் பெயர். வளர்ந்த நண்டின் ஓடே ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் அகலந்தான். பகலில் கல்லடியிலும் சருகடியிலும் ஒடுங்கியிருந்து, இரவில் இரை தேடும். உலகில் வேறெந்த நாட்டிலும் அது இயற்கையாய் வாழ்வதாக அறியப்படவில்லை.

கண்டறிதல் என்பது வெறுமனே கண்ணாற் பார்த்தல் அன்று. ஓடையிற் கல்லைப் புரட்டிய சிறுவர் எவரேனும் அந்நண்டை முன்னரே பார்த்திருக்கலாம். பார்த்ததனால் அது புதிய இனமாகிவிடாது. அண்டை நாட்டு நண்டுகளோடு ஒட்டி வைத்து, ஓட்டின் வளைவையும், கால்களின் அளவையும், ஆண் நண்டின் வயிற்று மடிப்புக்குள் மறைந்துள்ள சிறு உறுப்பின் வடிவையும் ஒப்பிட வேண்டும். கண்ட வேறுபாடு நிலையானதா, வயதினால் வந்ததா என்று தெளிய வேண்டும். பின்னர் விதிப்படி இருசொற் பெயரிட்டு, விவரத்தை அச்சேற்றி, சான்றாக ஓருடலைக் காட்சிசாலையில் வைத்தல் வேண்டும். நாளை ஐயுறும் எவரும் அவ்வுடலைச் சோதித்து மறுத்துரைக்கலாம். 'பெரியவர் சொன்னார், ஆதலின் உண்மை' என்னும் பேச்சுக்கு அங்கே இடமில்லை. இம்முறை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நண்டின் கதை தனிக் கதையன்று. இத்தீவின் காட்டில் வளரும் இஞ்சி வகையொன்று நெடுநாள் வேறோர் இனமென்றே கருதப்பட்டு வந்தது. 2014-இல் தான் அது தனி இனமெனத் தெளிந்து, சிங்கப்பூரின் பெயரையே பெற்றது. அறியாமை ஒரு திரை. அறிந்துவிட்டோம் என்னும் எண்ணம் அதனினும் கனத்த திரை.

தோட்டப்புறத்தில் வளர்ந்த நம்மவர்க்கு ஆற்றில் ஓடுவதெல்லாம் நண்டுதான். குழம்புக்கு ஆகுமா, ஆகாதா என்பதே பாகுபாடு. ஆயினும், ஒன்றைப் போல் ஒன்றெனக் கருதப்படுவதன் துயரை நம்மவரினும் நன்கறிந்தவர் யார்? விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்ற நம் பாட்டன் பாட்டியர், தொலைவில் நின்ற துரைக்குக் 'கூலிகள்' என்னும் ஒரே இனமாயினர். அவர்தம் ஊரென்ன, உள்ளத்தில் உள்ளதென்ன, அவர் பாடிய பாட்டென்ன என்று கேட்டவர் சிலரே. அருகே சென்று நோக்கி, 'நீ அவனல்லன், நீ வேறு' என்று கூறுவதே முதல் மதிப்பு. மனிதர்க்கு நாம் வேண்டும் அம்மதிப்பை, ஓடையில் ஒளிந்துறையும் உயிருக்கு அறிவியல் அளிக்கிறது.

பெயர் பெற்றதனால் விளைந்த பயன் என்ன என்று கேட்கலாம். முதன்முதல் கண்டறியப்பட்ட ஓடையிலேயே அந்நண்டு பின்னர்க் காணப்படாது போயிற்று. நீரில் புளிப்புத் தன்மை மிகுந்தது காரணமாகலாம் எனக் கருதப்படுகிறது. 2012-இல் உலகில் மிகவும் அழிவை நெருங்கிய 100 உயிரினங்களின் பட்டியலில் அது இடம்பெற்றது. அதன் பின்னர், எஞ்சியுள்ள ஓடைகளைக் காக்கவும், காப்பிடத்தில் வைத்து அதன் இனத்தைப் பெருக்கவும் அறிஞரும் அரசுத் துறையினரும் கூடி முயலத் தொடங்கினர். பெயரில்லாதிருப்பின் இம்முயற்சி எதன்பொருட்டு நடந்திருக்கும்? மிளகும் கம்பீரும் பயிரிடக் காடழிந்த நாளில், பெயர் பெறாமலே மறைந்த உயிர்கள் எத்தனையோ! அவற்றுக்காக வருந்தவும் நம்மால் இயலாது. எதற்காக வருந்துவதென்றே அறியோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் அக்குன்றின் ஓடையொன்றின் அருகே நின்றோம். கணுக்கால் அளவே நீர். மலையேற வந்தோர் பேசியவாறே கடந்து சென்றனர். நண்டு எதுவும் நம் கண்ணிற் படவில்லை. ஆயினும், இவ்வளவு சிறிய நீரை நம்பி ஓர் இனம் உலகில் நிற்கக்கூடும் என்னும் நினைவே நம்மை நெடுநேரம் அங்கு நிறுத்தியது.

அன்பர்களே! உங்கள் பிள்ளை நாளை ஒரு பூச்சியையோ இலையையோ கொணர்ந்து காட்டினால், 'சீ, தூக்கிப் போடு' என்று அதட்டாதீர்கள். 'இது என்ன, மற்றதினின்று எதில் வேறுபடுகிறது?' என்று கேளுங்கள். விடுமுறை நாளில், 2015-இல் திறக்கப்பட்ட லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நம் பிள்ளைகளுள் ஒருவர் நாளை ஓர் உயிருக்குப் பெயரிடும் ஆராய்ச்சியாளராவதற்கு, இன்று வீட்டில் கேட்கப்படும் அவ்வொரு கேள்வியே தொடக்கமாகும்.