நாம் எறிந்தது எங்கே?

கொழும்பு மாநகரின் குப்பையைப் பல ஆண்டுகளாகச் சுமந்து நின்றது மீதொட்டமுல்ல மேடு. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில் அது சரிந்தது. அன்று பெரிய வெள்ளியும்கூட. அடிவாரத்து வீடுகள் புதையுண்டன. 30 பேருக்கு மேல் மாண்டனர். அம்மேட்டை அகற்றுமாறு அங்குள்ள மக்கள் முன்னரே போராடி வந்தனர்.

"எறிந்துவிட்டோம்" என்கிறோம். எங்கே எறிந்தோம்? நம் கண்ணுக்கு மறைந்தது எளியோரின் வாசலில் குவிகிறது.

மிஞ்சிய சோறும் காய்கறித் தோலும் தனியே இருந்தால் சில மாதங்களில் உரமாகும். நெகிழியோடு கலந்து, காற்றின்றிப் புதைந்தாலோ, மீத்தேன் வாயுவைக் கக்கிப் புவியின் வெப்பத்தைக் கூட்டும். குப்பைமேட்டில் மூளும் தீயையும் வளர்க்கும். அதில் ஊறிய மழைநீர் நிலத்தடி நீரைக் கெடுக்கும். கண்ணாடியும் அலுமினியமும் மீண்டும் மீண்டும் உருக்கி வார்க்கத் தக்கவை. பழைய தாள் புதுத் தாளாகும். ஆனால் குழம்பில் நனைந்த தாளைப் பழைய தாள் வாங்குபவரும் தொடுவதில்லை. ஆகவே கேட்டின் பெரும்பகுதி நாம் கலப்பதால் விளைவது.

அன்பர்களே, அடுக்களையில் இரண்டு கூடைகள் வைப்பது பெருந்தவமன்று. ஆயினும் நாம் பேசும் பிறரன்பு, முகமறியா அம்மக்களின் வாசலை எட்ட அதுவும் ஒரு வழி.