புட்டியில் முதிரும் சுவை

இலண்டனின் சதர்க் பகுதியில், 18ஆம் நூற்றாண்டில் ருசிய அரசவைக்கெனக் காய்ச்சப்பட்ட கரிய பீரின் வழிவந்ததே ‘இம்பீரியல் ஸ்டவுட்’. வறுத்த வாற்கோதுமை அதற்குக் கருமை தந்தது. மிகுந்த மதுச்சத்தும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் அதனை நெடுநாள் கெடாது காத்தன.

அதனைச் சுவைப்பவர் விரைதல் ஆகாது. கடுங்குளிர் நாவை மரக்கச் செய்யும். மிதமான குளிர்ச்சியில் சிறு குவளையில் ஊற்றி, முதலில் மணத்தை உணர வேண்டும். புதிதாயிருக்கையில் முந்தி நிற்பது கசப்பு. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தணிய, உலர்ந்த திராட்சையின் இனிமை மேலெழும்.

கரேஜ் என்னும் பெயரில் வந்த அவ்வகைப் பீர் 1993இல் நின்று, 2011இல்தான் மீண்டும் காய்ச்சப்பட்டது. அந்த 1993ஆம் ஆண்டுப் புட்டியை வைத்திருப்பவர் என் செய்வார்? திறந்தால் உள்ளதில் ஒன்று குறையும். திறவாவிடில் மூப்பு முற்றிச் சுவையே மாளும். உற்ற நண்பர் உடனிருக்கும் நாளில் திறந்துவிடுதலே அறிவுடைமை.