ரப்பர் படகில் மூன்று நாள் கங்கா ஸ்நானம்!

எங்கள் உளுந்தூர்பேட்டைப் பக்கத்துப் பெண்களுக்கு ஆறு என்றால் கெடிலம்தான். மழைக்காலத்தில் நாலு நாள் செம்மண் கலரில் புரண்டு ஓடும். மற்ற நாளெல்லாம் மணலும் வேலிக்காத்தானும்தான். மேற்கே கல்வராயன் மலைப் பக்கம் போனால் மேகம் அருவி உண்டு, கோமுகி அணை உண்டு. அணைக்கரையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டு, "குழந்தைங்களைத் தண்ணி கிட்ட விடாதீங்க!" என்று நாலு தடவை கத்திவிட்டு வீடு திரும்புவோம். தண்ணீரோடு நமக்குள்ள உறவு அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து புறப்பட்டு, இமயமலை அடிவாரத்தில் கங்கையின் நுரைப் பிரவாகத்தில் மூன்று நாள் ரப்பர் படகில் போய்விட்டு வந்தோம் என்றால் நம்புவீர்களா? இதை 'ராஃப்டிங்' என்கிறார்கள். கல்லூரிப் பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டு போகும் விளையாட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெண்களும், அதுவும் நீச்சல் தெரியாத பெண்களும், சில விஷயங்களைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் போய் வரலாம்.

சென்ற நவம்பரில் நாங்கள் போனது ஆறு பெண்கள். நான், என் ஓரகத்தி, டில்லியில் வேலை பார்க்கும் என் மகள், அவளோடு வேலை செய்யும் மூன்று பெண்கள். எனக்கும் ஓரகத்திக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. போதாததற்கு ஓரகத்தி தினமும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். புறப்படுமுன் டாக்டரிடம் போனோம். அவர் பரிசோதித்துவிட்டு, "பிரஷர் கட்டுக்குள்ளதான் இருக்கு, போயிட்டு வாங்க. மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடன்னு வந்தாலோ, வெட்கப்படாம இறங்கிடணும்" என்றார். இந்தக் கடைசி வார்த்தைதான் எங்களுக்குப் பெரிதும் உதவியது.

மாமியார் நதியும் மருமகள் நதியும்

சென்னையிலிருந்து டில்லி, டில்லியிலிருந்து ஹரித்வார், அங்கிருந்து ரிஷிகேஷ். ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் போகும் மலைப் பாதையில் சுமார் 70 கிலோமீட்டர் போனால் தேவப்பிரயாகை. நம் ஆழ்வார்கள் பாடிய திவ்ய தேசங்களில் ஒன்றான 'கண்டமென்னும் கடிநகர்' இதுதான். பெரியாழ்வார் மங்களாசாசனம் செய்த ஊர். அங்கே ரகுநாதரைச் சேவித்துவிட்டுப் படி இறங்கினோம்.

பாகீரதி ஒரு பக்கம், அலக்நந்தா ஒரு பக்கம். இரண்டும் கலந்த பிறகுதான் 'கங்கை' என்ற பெயரே வருகிறது. பாகீரதி இரைச்சலோடு ஆர்ப்பாட்டமாக வருகிறாளாம். அதனால் அவள் மாமியார். அலக்நந்தா சத்தமில்லாமல் வந்து சேருகிறாளாம், அதனால் மருமகள். அந்த ஊர்க்காரர்கள் இப்படிச் சொல்வதைக் கேட்டதும் என் ஓரகத்தி, "ஏம்மா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு ஆறும் இல்லையா?" என்று கேட்டாரே பார்க்கலாம்!

இதில் மாமியாருக்கு இப்போது ஒரு கடிவாளம் இருக்கிறது. பாகீரதிக்குக் குறுக்கே 260 மீட்டர் உயரத்தில் டெஹ்ரி அணை கட்டி, 2006 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். மின்சாரத் தேவையைப் பார்த்துத் தண்ணீர் விடுவதால், காலையில் கண்ட நீர்மட்டம் மாலையில் இருப்பதில்லை. எங்கள் வழிகாட்டி கரையிலுள்ள பாறைகளில் ஈரக்கோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் கட்வாலிப் பிள்ளை. எங்களை 'ஆண்ட்டி' என்றும் 'தீதி' என்றும் கூப்பிட்டார்.

கரையிலேயே பாடம்

படகில் ஏறுமுன் அரை மணி நேரம் மணலில் பாடம் நடந்தது. படகின் ரப்பர் குழாயில் தனித்தனி அறைகள் இருக்கின்றன. ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை தாங்கும். உள்ளே அடிக்கும் தண்ணீர் அடித்தட்டிலுள்ள துளைகள் வழியே தானாக வெளியேறிவிடும். லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை வழிகாட்டியே இழுத்து இறுக்கி, தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். ஜாக்கெட் காதுவரை ஏறினால் தொளதொளப்பு என்று அர்த்தம். மறுபடி இறுக்க வேண்டும்.

கட்டளைகள் நாலைந்துதான். முன்னால் தள்ளு, பின்னால் தள்ளு, நிறுத்து, குனிந்து கயிற்றைப் பிடி. துடுப்பின் மேல்முனையிலுள்ள கைப்பிடியை எந்த நிலையிலும் விடக் கூடாது. விட்டால் அது பக்கத்தில் இருப்பவரின் பல்லைப் பதம் பார்த்துவிடும்!

தண்ணீரில் விழுந்துவிட்டால்? மல்லாந்து மிதக்க வேண்டும். கால்கள் தண்ணீர் போகும் திசையில், விரல்கள் மேலே தெரிய வேண்டும். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க மட்டும் முயலவே கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் வேகம் ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும். இடுப்பளவுத் தண்ணீரில்கூட இந்த ஆபத்து உண்டு. நம் ஊர் வாய்க்காலில் வெள்ளம் வரும்போது இறங்குகிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீர்ச்சுழிப்புகளை உலகம் முழுவதும் ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஒன்று என்றால் சின்ன அலை. ஆறு என்றால் உயிருக்கே உலை. நாங்கள் போன பாதையில் நான்கு வரை உண்டு.

முதல் நாள் பெரும்பாலும் சாதுவான தண்ணீர். இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. எங்கோ மேலே பத்ரிநாத் ரோட்டில் பஸ் ஒன்று தீப்பெட்டி மாதிரி நகரும். மற்றபடி காடு, பாறை, வெள்ளை மணல். தண்ணீர்தான் அப்பப்பா, என்ன குளிர்! கையை விட்டால் ஐந்தே நிமிஷத்தில் விரல் மரத்துவிடுகிறது.

1953இல் எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹில்லாரி, 1977இல் வங்கக் கடலிலிருந்து இந்தக் கங்கையிலேயே ஜெட் படகுகளில் எதிர்த்து ஏறி வந்தார். நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவி வழிமறித்த பிறகுதான் படகை விட்டாராம். அவர் ஏறிய ஆற்றில் நாங்கள் இறங்கினோம்.

கூடாரத்தில் இரவு

கவுடியாலாவுக்கு அருகே முதல் இரவு. முன்பெல்லாம் ஆற்று மணலிலேயே கூடாரம் அடிப்பார்கள். கங்கை அசுத்தமாகிறது என்று 2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதற்குத் தடை விதித்தது. எங்கள் முகாம் ஆற்றைவிட்டுத் தள்ளி மேட்டில் இருந்தது. நீர்மட்டம் இரவில் ஏறக்கூடிய ஆற்றோரத்தில் அதுவே பத்திரமும்கூட.

பெண்கள் முதலில் கேட்பது கழிப்பறை பற்றித்தானே? தனிக் கூடாரத்தில் குழி தோண்டி, மேலே இருக்கை வைத்திருந்தார்கள். உபயோகித்த பின் ஒரு வாளி மண் போட வேண்டும். பகலில் படகு கரை ஒதுங்கும்போது பாறை மறைவுதான். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். தலைவலியும் நீர்க்கடுப்பும் வந்து சேரும். மாதவிலக்கு நாளாக இருந்தாலும் போகலாம். உபயோகித்தவற்றைக் காகிதத்தில் சுற்றி, தனிப் பையில் ஊர்வரை கொண்டுவர வேண்டும். ஆற்றோரம் புதைக்கக் கூடாது.

ராத்திரி ராஜ்மாவும் சப்பாத்தியும். நாங்கள் கொண்டுபோன பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் அந்த டில்லிப் பெண்களிடம் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது!

ஓரகத்தி சொன்ன 'வேண்டாம்'

இரண்டாம் நாள் வந்தது 'வால்' என்ற இடம். சுவர் என்று அர்த்தம். ஆறு வளைந்து ஒரு பாறைச் சுவரில் நேராக மோதுகிறது. நான்காம் தரம். அதற்கு முன்பே படகைக் கரை ஒதுக்கி, எல்லோரையும் இறக்கி, பாறை மேல் ஏற்றிக் காட்டினார் வழிகாட்டி. எங்கே நுழைய வேண்டும், கவிழ்ந்தால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும், கயிறு வீசும் ஆள் எங்கே நிற்பார் என்று கையால் காட்டி விளக்கினார். பிறகு, "வர விருப்பமில்லாதவர்கள் கரையோடு நடந்து வரலாம்" என்றார்.

ஓரகத்தி உடனே, "நான் நடந்து வரேன்மா" என்றார்.

என் மகளுக்கு முகம் வாடிவிட்டது. "என்ன பெரியம்மா, இவ்வளவு தூரம் வந்துட்டு... ஒரு நிமிஷந்தானே!"

"கண்ணு, காலையிலேருந்து எனக்கு நெஞ்சு படபடங்குது. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

வழிகாட்டிக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. "ஆண்ட்டி செய்வதுதான் சரி. தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் உங்கள் எல்லோரையுமே நான் நடக்கத்தான் வைத்திருப்பேன்" என்று இந்தியில் சொன்னார். உதவியாள் ஒருவரை அக்காவோடு அனுப்பிவைத்தார். நாங்கள் ஐந்து பேரும் சுவரை நோக்கிப் போனோம். முழுசாக ஒரு நிமிஷம்கூட இராது. தலைக்கு மேல் வெள்ளைத் தண்ணீர், காதில் ஓயாத இரைச்சல், "முன்னால்! முன்னால்!" என்ற குரல் ஒன்றுதான் பிடிப்பு. வெளியே வந்தபோது என் இரண்டு கையும் துடுப்போடு ஒட்டிப்போயிருந்தன.

கீழே காத்திருந்த அக்கா தெளிவாக இருந்தார். உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் படபடப்பு அடங்கிவிட்டதாம். இருந்தும் அன்று மிச்ச தூரத்தை ஜீப்பில் அனுப்பினார் வழிகாட்டி. மூன்றாம் நாள் காலை தெம்பாக எழுந்து, "இன்னைக்கு நான் முன்னாடி உட்காரப் போறேன்!" என்றார். நாங்கள் மலைத்துப்போனோம்.

எல்லோரும் 'போகலாம்' என்னும்போது 'எனக்கு வேண்டாம்' என்று சொல்வது பெண்களுக்குச் சுலபமில்லை. 'நம்மால் மற்றவர்களுக்குச் சிரமம்' என்று நினைத்து வாயை மூடிக்கொள்வதே நம் பழக்கம். ஆற்றில் அந்தப் பழக்கம் உதவாது.

கை கொடுத்த பாடம்

இரண்டாம் நாள் மாலை, வசிஷ்டர் குகையில் சற்று நேரம் கண்மூடி உட்கார்ந்தோம். கேரளத்திலிருந்து வந்த சுவாமி புருஷோத்தமானந்தர் 1928 முதல் 1961இல் சமாதி அடையும்வரை தவமிருந்த இடம். உள்ளே இருட்டும் நிசப்தமும். ஆற்றின் இரைச்சலுக்குப் பிறகு அது ஒரு மருந்து மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் சிவபுரியிலிருந்து ரிஷிகேஷ். 'ரோலர் கோஸ்டர்' என்ற இடத்தில் அலைமேல் அலை. மூன்றாவது அலையில் படகு சாய்ந்தது. திரும்பிப் பார்க்கிறேன், என் மகள் உட்கார்ந்திருந்த இடம் காலி!

என் அடிவயிறு கலங்கிவிட்டது. ஆனால் அவள் படகுக்குப் பக்கத்திலேயே, சொல்லிக் கொடுத்தபடி மல்லாந்து, கால் விரல் மேலே தெரிய மிதந்தாள். "ஜாக்கெட்டைப் பிடி!" என்று பின்னாலிருந்து குரல். கையையோ தலைமுடியையோ பிடிக்காமல், ஜாக்கெட்டின் இரு தோள்பட்டைகளையும் கெட்டியாகப் பற்றி, முழங்காலைப் படகில் முட்டுக் கொடுத்துப் பின்பக்கம் சாய்ந்தேன். மீன் மாதிரி உள்ளே வந்து என் மேலேயே விழுந்தாள். "அம்மா... ஹெல்மெட் இடிக்குதும்மா" என்றாள். அழுவதா, சிரிப்பதா? முதல் நாள் மணலில் நடந்த அரை மணிப் பாடம் அன்று எனக்கு என் பெண்ணைத் திருப்பிக் கொடுத்தது.

1930இல் திறந்து, 2019 ஜூலையில் பாதுகாப்புக்காக மூடப்பட்ட லட்சுமண் ஜூலாவைக் கடந்து ரிஷிகேஷில் கரை இறங்கினோம்.

போக விரும்பும் சகோதரிகளுக்கு

* ஜூலை, ஆகஸ்டில் மழை வெள்ளத்தால் ராஃப்டிங் கிடையாது. செப்டம்பர் கடைசியிலிருந்து ஜூன் வரை காலம். அக்டோபர், நவம்பர் மிதமானது. டிசம்பர், ஜனவரியில் குளிர் தாங்காது.

* 14 வயது நிரம்பாத குழந்தைகளை அழைத்துப் போகாதீர்கள். கர்ப்பிணிகள், அண்மையில் ஆபரேஷன் ஆனவர்கள், இருதய நோய், வலிப்பு உள்ளவர்கள் போகவே கூடாது. ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் போக வேண்டும்.

* புடவை, துப்பட்டா, பருத்தி உடை வேண்டாம். பருத்தி நனைந்தால் காயாமல் குளிரைப் பிடித்துவைக்கும். உடம்போடு ஒட்டிய நைலான் உடை நல்லது. கண்ணாடி வளையலைக் கழற்றிவிடுங்கள். தாலிச் சங்கிலியை உடைக்குள் விட்டு ஊக்குப் போடுங்கள். மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள்.

* மாத்திரைகளைத் தண்ணீர் புகாத பையில் இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள்.

* மலிவு என்று பார்த்துப் பணம் கட்டாதீர்கள். அரசு அனுமதி உண்டா, வழிகாட்டிக்கு உரிமம் உண்டா, கூடவே மீட்புக்குச் சிறு படகு வருமா, விருப்பமில்லாவிட்டால் நடுவில் இறங்கலாமா என்று கேளுங்கள். 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம், முறையான விதிகள் வகுக்கும்வரை ராஃப்டிங்கையே நிறுத்திவைக்கச் சொன்னது. அத்தனை முக்கியமானவை இந்த விதிகள்.

* ஜாக்கெட் கிழிந்திருந்தாலோ, பாடம் நடத்தாமல் படகில் ஏறச் சொன்னாலோ, கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை என்று திரும்பி வந்துவிடுங்கள்.