பூச்சிக்கு எத்தனை கால்?

நம் வீட்டுக் குழந்தைகளுக்கு நாம் முதன்முதலாகச் சொல்லிக் கொடுக்கிற பாடம் அகரமும் இல்லை, ஒன்று இரண்டும் இல்லை, பயம்தான். அதற்கு நாம் வைத்திருக்கிற பாடப் புத்தகம் பூச்சி. சோறு உண்ண மறுத்தால் பூச்சாண்டி வருகிறான். தூங்க மறுத்தாலும் அவனே வருகிறான். இருட்டில் கொல்லைப் பக்கம் போனால், "போகாதே, பூச்சி பொட்டு கிடக்கும்" என்கிறோம். பாம்பைக்கூட ராத்திரியில் பெயர் சொல்லக் கூடாது என்று பூச்சி என்றே சொல்லி, எறும்பையும் நாகத்தையும் ஒரே வம்சத்தில் சேர்த்துவிட்டோம். எறும்பு கடித்துக் குழந்தை அழுதால், அந்த எறும்பைத் தேடிப் பிடித்து நசுக்கி, "இந்தா, கொன்னாச்சு, அழாதே" என்று நியாயம் வழங்குகிறோம். குழந்தையும் சமாதானமாகிவிடுகிறது. மூன்று வயதுக்குள் அதற்கு ஒரு சித்தாந்தம் கிடைத்துவிடுகிறது: சின்னதாக ஊர்வதெல்லாம் பகை, பகையைக் கொன்றால் அழுகை நிற்கும்.

நம்முடைய பழைய மனிதர்கள் இவ்வளவு அவசரக்காரர்களாக இருந்ததாகத் தெரியவில்லை. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களுக்கு அறிவைப் பங்கீடு செய்தபோது கறையானையும் எறும்பையும் மறக்கவில்லை, மூன்றறிவு கொடுத்தார். தும்பிக்கு ஒரு படி மேலே, நான்கு. உட்கார்ந்து பார்க்காதவன் இப்படிக் கணக்குப் போட முடியாது. அதற்கு வெகுகாலம் கழித்து, 1768-இல், நம் தரங்கம்பாடிக்குக் கோனிக் என்று ஒரு வைத்தியர் கப்பலேறி வந்தார். பூவுக்கும் பூச்சிக்கும் உலகம் முழுவதும் பெயர் வைத்த லின்னேயஸின் சிஷ்யர். 1779-இல் அவர் நம் பக்கத்துக் கறையானைப் பற்றி ஜெர்மன் மொழியில் விஸ்தாரமாக ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டார். கறையான் என்றால் நமக்கு மண்ணெண்ணெய் ஞாபகம் வருகிறது. அந்த மனிதருக்குக் காகிதமும் பேனாவும் ஞாபகம் வந்திருக்கின்றன.

இதையெல்லாம் நான் நினைக்கும்படி ஆனதற்குக் காரணம் என் சிற்றப்பா பெண். திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அவள் அங்கன்வாடி டீச்சர். போன பங்குனியில் ஒரு நாள், "அண்ணா, ஊருக்கெல்லாம் கதை எழுதறீங்க. எங்க குழந்தைகளுக்கு ஒரு நாள் வந்து கதை சொன்னா என்ன?" என்று கேட்டாள். மறுக்க முடியாத கேள்வி. போனேன்.

ஊரில் யாரும் அதை அங்கன்வாடி என்று சொல்லுவதில்லை, பால்வாடிதான். பால் கொடுத்த இடமாதலால் பால்வாடி என்று அர்த்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரு பாட்டி என்னிடம், "பால் குடிக்க வாடின்னு கூப்பிட்டாங்க, அதான் பேரு" என்று பதவுரையே சொன்னாள். விஷயம் வேறு. வடக்கே பால் என்றால் குழந்தை. வாடி என்றால் தோட்டம். தாராபாய் மோடக் என்ற அம்மையார் 1945-இல் மகாராஷ்டிரத்துக் கடலோரத்தில் போர்டி என்ற ஊரில் கிராமத்துக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்த வார்த்தை இது. அதற்கு ஆறு வருஷம் முன்பே, 1939-இல், மாண்டிஸோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைக் கூட்டி வகுப்பு நடத்தினார். குழந்தையின் கை கற்றுக்கொண்ட பிறகுதான் தலை கற்றுக்கொள்ளும் என்பது அவருடைய கட்சி. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி சர்க்கார் திட்டமாக அங்கன்வாடி வந்தபோது, அந்த எண்ணமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நம் ஊர் ஓட்டுக் கட்டடத்துக்கும் நடந்து வந்து சேர்ந்தது. பாட்டியின் பதவுரையையும் தப்பு என்று தள்ளிவிட நான் தயாரில்லை. தோட்டத்துக்கும் குழந்தைக்கும் பசி உண்டு.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் வசந்தம் காவியத்தில் வருகிற மாதிரி வருவதில்லை. பங்குனியில் காவேரியில் ஜலம் இருக்காது. ஜனவரி 28-இல் மூடுகிற மேட்டூர் மதகை ஜூன் 12-இல் திறப்பது என்பது ஏற்பாடு. நடுவில் ஆறு வெறும் மணல். அறுவடையான வயலில் உளுந்தும் பயறும் காய் முற்றிக்கொண்டிருக்கும். ஆனால் வேம்பு பூக்கும், புங்கு தளிர்க்கும், விடிகாலையில் இலுப்பைப் பூ கொட்டிக் கிடக்கும். பூத்த இடத்துக்கெல்லாம் விருந்தாளிகள் வருவார்கள். நடவும் அறுப்பும் இல்லாமல் மனிதர்கள் ஓய்ந்திருக்கிற அந்த நாட்களில்தான் பூச்சிகளுக்குக் கல்யாண முகூர்த்தம்.

நான் போனபோது குழந்தைகள் உள்ளே இல்லை. இருபது பேரும் கொல்லையில் ஒரு கறிவேப்பிலைக் கன்றைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். நான் வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. இலையின் மேல் காக்கை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"எச்சம் இல்லை, புழு" என்று ஒரு பெண் எனக்கு விளக்கினாள். "எச்சம் மாதிரி வேஷம் போட்டிருக்கு. குருவி திங்கக் கூடாதுல்ல?"

நான்கு வயது. என்னுடைய கதை எதிலும் இவ்வளவு சுருக்கமாக ஒரு பாத்திரத்தை அறிமுகப்படுத்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வளர்கிற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. முதலில் எச்சத்தின் நிறம். வளர்ந்த பின் இலையின் பச்சை. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கவைக் கொம்பு ஒன்றை நீட்டி, ஒரு நெடியைக் கிளப்பும். குழந்தைகளுக்கு அதுதான் பிரமாத வேடிக்கை. அந்தக் கன்றிலேயே இன்னோர் இலையில் கடுகைவிடச் சிறியதாக முட்டை இருந்தது. முட்டை என்றால் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வாரத்தில் மூன்று நாள் தட்டில் விழுகிறதே!

இந்த வசந்த விழாவுக்கு எதிர்க்கட்சி ஒன்றும் இருந்தது. சமையல் ஆயா. "இது என்னா டீச்சர், மரத்தையே மொட்டையடிச்சுடும் போலிருக்கு. நாளைக்குக் கொளம்புக்கு நான் என்னாத்தக் கிள்ளிப் போடறது?" என்றாள். நியாயமான கேள்வி. ஒரு கிளையைப் புழுவுக்கு விடுவது, மற்றது குழம்புக்கு என்று உடன்படிக்கை ஏற்பட்டது.

பிறகு உள்ளே வந்து சித்திரம். வர்ணப் பெட்டிக்கு ஏது பணம்? தரையில் சாக்குக்கட்டி, கரித்துண்டு, மஞ்சள், மஞ்சளோடு சுண்ணாம்பைக் குழைத்த சிவப்பு, அவரை இலையைக் கசக்கிய பச்சை. வாய்க்கால் கரையிலிருந்து எடுத்து வந்த களிமண்ணில் மூன்று உருண்டை: தலை, மார்பு, வயிறு. நடு உருண்டையில் ஆறு ஈர்க்குச்சி. ஆறுக்குக் குறையவும் கூடாது, கூடவும் கூடாது. எட்டு குத்தினால் அது சிலந்தி. சிலந்தி பூச்சி இல்லை. இந்தச் சட்டத்தை அந்தச் சபை மிகக் கண்டிப்பாக அமல்படுத்தியது. நான் ஐந்து கால் வைத்துச் செய்த ஒரு வண்டைப் பார்த்து, "இது நொண்டி" என்று தீர்ப்பாகிவிட்டது.

ஒரு பையன் மட்டும் கையை உயர்த்தினான். "பூச்சின்னா ஆறு காலுன்னீங்க. புழுவுக்கு நெறைய இருக்கே?"

"முன்னாடி இருக்கிற ஆறுதான்டா அதோட சொந்தக் கால். பின்னாடி இருக்கறதெல்லாம் இரவல். றெக்கை முளைக்கறப்போ திருப்பிக் கொடுத்துடும்."

வெள்ளிக்கிழமை வாசலில் அரிசிமாக் கோலம் போடுவாளாம். கடையில் வாங்குகிற கல்மாவில் போட்டால் எறும்பு வந்து மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அரிசிமாவில் போட்டால் வரிசையாக வந்து கோலத்தைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போகும். எறும்பு எந்தப் புள்ளியிலிருந்து கலைக்க ஆரம்பிக்கிறது என்று குழந்தைகள் பார்த்து, மத்தியானம் அதை வரைய வேண்டும். நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த காரியத்தில் சித்திரமும் ஜீவகாருண்யமும் இயற்கைப் பாடமும் ஒன்றாகக் கிடந்திருக்கின்றன. பொடி மாறியதும் மூன்றில் இரண்டு போய்விட்டன.

இவ்வளவும் அழகான விஷயம். ஆனால் இவள் ஏன் இப்படி மெனக்கெடுகிறாள் என்று நான் தெரிந்துகொண்டது குழந்தைகள் பாயில் படுத்துத் தூங்கின பிற்பாடுதான்.

"தை மாசம் அந்தப் பையன், கால் கேட்டானே, அவன்தான், ஒரு தட்டானைப் பிடிச்சு வந்தான். என்னடா பண்ணப்போறேன்னேன். 'மருந்து அடிக்கணும் டீச்சர்'ன்னான். அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரலை அண்ணா. தட்டானுக்காக இல்லை. மருந்துங்கற அந்த வார்த்தைக்காக."

அவள் சொன்னது இதுதான். மையத்தில் அவள் குழந்தைகளிடம், "மருந்து, வாயைத் திற" என்று வைட்டமின் திரவத்தைப் புகட்டுகிறாள். வீட்டில் திண்ணை ஓரத்தில், நெல் மூட்டைக்குப் பக்கத்தில், ஒரு டப்பா இருக்கிறது. அதற்கும் பெயர் மருந்து. நாலு வயதுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

நான் பேசாமல் இருந்தேன். நாலு வயதுக்கு மட்டுமா? எங்கள் பக்கத்துக் கிராமங்களில் 'மருந்தைக் குடிச்சிட்டான்' என்று ஒரு வாக்கியம் உண்டு. கேட்டவர்கள் என்ன வியாதி என்று விசாரிப்பதில்லை. எந்த ஆஸ்பத்திரி என்றுதான் கேட்பார்கள். கொல்லுகிற சரக்குக்கு குணப்படுத்துகிற பெயரை வைத்து, வீட்டுக்குள் கொண்டு வந்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மறுநாளிலிருந்து அவள் வகுப்பில் ஒரு வார்த்தையை மாற்றினாள். வயலில் அடிப்பது விஷம். வாயில் விடுவது மருந்து. அவ்வளவுதான். பத்தாம் நாள் பையனின் அப்பா வந்து வாசலில் நின்றார்.

"என்ன தங்கச்சி, 'விஷமா அடிக்கறே?'ன்னு எம்மவனே என்னைக் கேக்கறான். ரெண்டு மா உளுந்து போட்டிருக்கேன். காய்ப்புழு விழுந்தா யாரு குடுப்பா எனக்கு?"

அவர் கேட்டதிலும் பிசகு இல்லை. கடன் வாங்கி விதைத்தவனிடம் வண்ணத்துப்பூச்சியின் அழகைப் பேச முடியாது. இவள் வாதாடவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்து, சுவரில் ஒட்டியிருந்த பையனின் படத்தைக் காட்டினாள். நடுவில் ஒரு செடி. ஒரு பக்கம் பச்சைப் புழு, மறு பக்கம் மெல்லிசாக வால் நீண்ட ஏதோ ஒன்று.

அவர் கிட்டே போய்ப் பார்த்தார். "இது ஊசித்தட்டான்ல? நாத்தங்கால்ல நெறைய நிக்கும். குருத்துப் பூச்சி அந்திப் பறந்தா லபக்குன்னு பிடிச்சுடும்" என்றார். அப்புறம் சிலந்தியைப் பற்றிச் சொன்னார். பொறிவண்டைப் பற்றிச் சொன்னார். குழந்தைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். டீச்சருக்குத் தெரியாத ஏழெட்டுப் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லாமல் இத்தனை வருஷம் உள்ளேயே கிடந்திருக்கிறது. போகும்போது அவள் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்: "அந்த டப்பாவை மட்டும் எட்டாத எடத்துல பூட்டி வையுங்க அண்ணே." தலையாட்டிவிட்டுப் போனாராம்.

பெரியவர்கள் கையில் வர்ணக் குச்சியைக் கொடுப்பது விளையாட்டுக் காரியம் அல்ல. நெல்லைத் தாக்கும் புகையான் என்று ஒன்று உண்டு. விழுந்த வயல் தீய்ந்த மாதிரி வட்ட வட்டமாகக் காய்ந்து போகும். அதைக் கொல்லத் தெளித்தது, அதைத் தின்னும் சிலந்தி முதலானவற்றையும் சேர்த்துக் கொன்றது. புகையான் முன்னிலும் பெருகியது. இந்தோனேஷியாவில் இந்தத் தொல்லை முற்றி, 1986-இல் நெற்பயிருக்கு 57 பூச்சிகொல்லிகளை அந்த அரசாங்கம் தடுத்துவிட்டது. 1989-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு அங்கே உழவர் வயல்வெளிப் பள்ளி ஆரம்பமாயிற்று. பாடம் என்ன? வாரம் ஒரு தடவை வயலில் இறங்கி, கண்டதைக் காகிதத்தில் வரைய வேண்டும். நடுவில் நெற்பயிர், ஒரு பக்கம் தின்னும் பூச்சி, மறு பக்கம் அதைத் தின்னும் பூச்சி. இரண்டையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் தெளிப்பதா வேண்டாமா என்ற பேச்சு. அந்தப் பள்ளி பிறகு நம் நாட்டுக்கும் வந்தது. வேளாண்மைத் துறை நம் கிராமங்களிலும் நடத்துகிறது. தஞ்சாவூர் ஜில்லா இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வாரும் (1938–2013) ரசாயன விஷம் வேண்டாம் என்று ஊர் ஊராக நடந்து சொன்னார். அந்தப் பையன் வரைந்த படத்துக்கும் உழவர்கள் வரையும் படத்துக்கும் வித்தியாசம் காகிதத்தின் அளவில்தான். அவன் அப்பா ஐம்பது வயதில் உட்கார்ந்து படிக்க வேண்டியதை அவன் நாலு வயதில், கரித்துண்டால், படித்துவிட்டான்.

இந்தப் பாடத்தால் தஞ்சாவூர் ஜில்லாவின் விவசாயக் கஷ்டமெல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கடனும் தண்ணீரும் விலையும் களிமண் வண்டுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஆனால் ஒரு பிராணியின் காலை எண்ணிப் பார்த்தவன் அதை எண்ணாமல் கொல்லமாட்டான் என்று எனக்குத் தோன்றுகிறது. கொன்றாலும், கொல்லுகிறோம் என்று தெரிந்து கொல்லுவான். அதற்குச் சரியான பெயரையும் வைப்பான்.

கதை சொன்னீர்களா என்று கேட்பீர்கள். சொன்னேன். காக்காய், நரி, வடை. பாதியில் அந்தப் பெண் எழுந்து புழுவைப் பார்க்கப் போய்விட்டாள்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு சிற்றப்பா பெண் டெலிபோனில் பேசினாள். புழு கூடாகி, ஒரு நூலால் தன்னை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளையோடு சாய்ந்திருந்ததாம். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் கூடு காலி. யாரும் பார்ப்பதற்குள் பறந்துவிட்டது. குழந்தைகளுக்கு ஏமாற்றம். காலிக் கூட்டை வரைந்தார்களாம்.

"ஆயா என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"அந்தக் கிளையில இப்ப இன்னும் மூணு முட்டை இருக்கு அண்ணா. குழம்புக்கு அடுத்த வீட்டுக் கொல்லையில போய்க் கிள்ளிட்டு வரா. கேட்டா, 'கொடுத்ததைத் திருப்பிப் பிடுங்கலாமா டீச்சர்?'ங்கறா."