சக்கரம் சுற்றுகிறது, படகு திரும்பவில்லை!

வான்கூவர் நகரத்துக்குப் போகிறவர்கள் ஸ்டான்லி பூங்காவைப் பார்க்கிறார்கள். கிரான்வில் தீவுச் சந்தையில் பழம் வாங்கித் தின்கிறார்கள். தொங்கு பாலத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அந்த நகரத்தின் கொல்லைப்புறத்திலேயே, சுமார் 20 கிலோ மீட்டர் நீளத்துக்கு மலைகளின் நடுவே கடல் புகுந்து படுத்திருக்கும் அற்புதத்தை அவர்களில் பலர் காண்பதே இல்லை. 'இந்தியன் ஆர்ம்' என்று அதற்குப் பெயர். நம்மைப் பற்றி வைத்த பெயர் என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள்! கொலம்பஸ் வழி தவறிப் போய் அந்தக் கண்டத்துப் பழங்குடி மக்களுக்குச் சூட்டிய பெயர்தான் அது. அந்தக் கரைகளின் பூர்விகக் குடிகள் தங்களைக் 'கடற்கழியின் மக்கள்' என்ற பொருள்பட அழைத்துக்கொள்கிறார்கள். 1995-ஆம் ஆண்டு அந்தப் பிரதேசம் மாகாணப் பூங்கா ஆயிற்று. இப்போது அரசாங்கமும் அம்மக்களும் சேர்ந்தே அதை நிர்வகிக்கிறார்கள்.

பனிக்கட்டி ஆறுகள் மலையைக் குடைந்து போன பள்ளம் அது. இருபுறமும் பாறை செங்குத்தாக நீருக்குள் இறங்குகிறது. கரை கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது போலத் தோன்றும். ஆனால் உங்கள் காலடியில் 200 மீட்டருக்கு மேல் ஆழம் இருக்கலாம்! இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

2024 ஆகஸ்டில் ஒரு நாள் டீப் கோவ் என்ற சிற்றூரிலிருந்து நாங்கள் மூவர் புறப்பட்டோம். நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. அவருடைய கணவருக்குச் சமையல், அம்மாளுக்குப் படகு என்று அந்த வீட்டில் இலாகா பிரித்திருந்தார்கள்! இருபது அடி நீளமுள்ள சிறு படகு. பின்புறத்தில் ஒரே ஒரு மோட்டார். படகு ஓட்ட அந்த நாட்டில் பரீட்சை எழுதி அத்தாட்சிச் சீட்டு வாங்க வேண்டும். அம்மாள் அதைச் சமையலறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்.

போகும்போது எல்லாம் வெகு ரம்மியமாகத்தான் இருந்தது. கீழ்க்கரையில் இரண்டு பழைய மின்சார நிலையங்கள், ஒன்று 1903-லும் மற்றொன்று 1914-லும் கட்டியவை, கோட்டை போல நீரோரம் நிற்கின்றன. மலைக்கு அப்பாலுள்ள ஏரியிலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்து வான்கூவருக்கு விளக்கேற்றியவை அவை. வடகோடிக்குச் சமீபத்தில் கிரானைட் அருவி. அருவிக்கு எதிரே படகை நிறுத்தி, கணவர் கட்டிக் கொடுத்த ரொட்டியைத் தின்றோம். அந்தக் கரைகளில் சாலை கிடையாது. என் கைபேசியும் அங்கே மௌன விரதம் பூண்டுவிட்டது.

பிற்பகலில் காற்று எழும்பியது. திரும்பினோம். அந்த நீரில் பாறையைவிட மரக்கட்டைக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். காடுகளில் வெட்டி நீரில் மிதக்கவிட்ட மரங்களில் சில, கூட்டத்தை விட்டுப் பிரிந்து முதலை மாதிரி அலைகின்றன. அப்படி ஒன்று எதிரே தெரிந்தது. அம்மாள் சக்கரத்தை இடப்புறம் திருப்பினார். படகு நேரே போயிற்று! இன்னும் திருப்பினார். மூன்று சுற்று, நான்கு சுற்று... சக்கரம் சுழன்றதே தவிரப் படகு அசையவில்லை. சட்டென்று மோட்டாரின் வேகத்தைக் குறைத்துப் பூட்டை விலக்கினார். கட்டை எங்களை உரசிக்கொண்டு போயிற்று.

"நங்கூரம் போடலாமே?" என்று கேட்டேன். அத்தகைய படகில் 15 மீட்டர் கயிற்றோடு நங்கூரம் இருந்தால் சட்டத்துக்குப் போதும். ஆனால் கீழே எவ்வளவு ஆழம் என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கயிறு தரையைத் தொடுவதற்குள் படகு பாறையைத் தொட்டுவிடும்! காற்று எங்களைக் கீழ்க்கரைப் பாறையை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. கணவர் ஒரு நீண்ட கொக்கிக் கழியை எடுத்துக்கொண்டு விளிம்பில் போய் நின்றார்.

சக்கரத்துக்கும் பின்னாலுள்ள மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் தெரியுமா? பழைய படகுகளில் இரும்புக் கம்பி வடம் இருக்கும். இந்தப் படகில் எண்ணெய். இரண்டு ஊசி மருந்துக் குழல்களை எடுத்து நடுவே ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி நீர் நிரப்புங்கள். ஒன்றை அமுக்கினால் மற்றது எழும்பும். குழந்தைகளுக்குச் செய்து காட்டலாம். சக்கரத்தின் பின்னால் ஒரு சிறு பம்பு. அதிலிருந்து இரண்டு குழாய்கள். மோட்டாரின் அருகே ஒரு சிலிண்டர். சக்கரத்தைத் திருப்பினால் எண்ணெய் ஒரு குழாயில் போய்ச் சிலிண்டரைத் தள்ளும்; மற்றதில் திரும்பி வரும். விட்ட இடத்திலேயே மோட்டார் நிற்கும்படி உள்ளே ஒரு வால்வு காவல் காக்கிறது. அதனால், கார் ஓட்டும் சகோதரிகளே, படகுச் சக்கரம் தானாக நடுவுக்கு வராது. அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால், நாம் தள்ளுகிற தள்ளையெல்லாம் அந்தக் குமிழே விழுங்கிவிடுகிறது. ஊசி போடுமுன் டாக்டர் குழலைத் தட்டிக் காற்றை வெளியேற்றுகிறாரே, இங்கே வேண்டியதும் அதே காரியம்தான்.

அம்மாள் வியாதியை நிதானித்த விதம் அழகு. "சக்கரம் கனத்தால் ஒரு காரணம், இளகினால் வேறு காரணம்" என்றார். கனத்தால் எண்ணெயைச் சந்தேகிக்கு முன் சிலிண்டரைக் கழற்றிவிட்டு மோட்டாரைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டுமாம். அதுவே அசைய மறுத்தால் குற்றம் எண்ணெயில் இல்லை; மோட்டார் திரும்பும் இடத்தில் உப்புப் பூத்து, கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இளகினால்? எண்ணெய் குறைந்திருக்கிறது. எங்கே போயிற்று என்று தேட வேண்டும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அவருடைய சக்கரம் ஐந்து சுற்றுத்தான் போகும். அன்று எட்டுச் சுற்றியும் கோடி தட்டுப்படவில்லை.

சக்கரத்தின் மேலிருந்த மூடியைத் திறந்தார். எண்ணெய் மட்டம் கண்ணுக்கே தெரியவில்லை. பின்னால் போய்க் குழாய்களைக் காகிதத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். சிலிண்டரில் குழாய் சேரும் மூட்டில் துணி நனைந்தது. மோட்டாரைத் தூக்கி இறக்கும்போதெல்லாம் குழாய் வளைந்து வளைந்து மரை தளர்ந்திருந்தது.

"போன வாரமே இங்கே ஒரு பொட்டு ஈரம் பார்த்தேன். மழைத் தண்ணீர் என்று துடைத்துவிட்டேன்" என்றார், ஸ்பானரைத் திருகிக்கொண்டே. மூட்டு இறுகிற்று.

பெட்டியில் ஒரு புட்டி ஸ்டியரிங் எண்ணெய் இருந்தது. (காரின் பிரேக் எண்ணெயை ஊற்றக் கூடாதாம், உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும்.) புட்டியைக் கவிழ்த்துச் சக்கரத்தின் துவாரத்தில் பொருத்தி, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. அவர் சொன்ன பக்கம் கோடி வரை சுற்றினேன். அவர் சிலிண்டரின் அந்தப் பக்கத்துத் திருகைத் தளர்த்தி, அதில் ஒரு குழாயை மாட்டி வெற்றுப் புட்டிக்குள் விட்டார். கடலில் ஒரு சொட்டு எண்ணெய் விழக் கூடாது என்பதில் அத்தனை கண்டிப்பு, அந்த நேரத்திலும்! சிலிண்டர் நகராமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்போது எதிர்ப் பக்கம், மெதுவாக" என்றார். புட்டிக்குள் எண்ணெய் கொப்புளம் கொப்புளமாக இருமியது. பிறகு கொப்புளம் குறைந்து நூல் மாதிரி ஒழுகிற்று. திருகை மூடினார். மறு பக்கமும் அதே மாதிரி.

"பாறை!" என்றார் கணவர். நிமிர்ந்து பார்த்தேன். பாசியின் பச்சை தெரிகிற தூரத்தில் மலை நின்றது. அவர் கழியைப் பாறையில் ஊன்றித் தம் பலமெல்லாம் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கோ சக்கரத்தை விட முடியாது. அது கையில் கனக்க ஆரம்பித்திருந்தது. அவ்வளவு நல்ல கனத்தை நான் அதற்குமுன் தூக்கியதில்லை!

அம்மாள் வந்து சக்கரத்தை வாங்கிக்கொண்டார். மோட்டார் உறுமிற்று, படகு மூக்கைத் திருப்பிக்கொண்டது. மெதுவாகவே ஓட்டி, விளக்கேற்றும் வேளைக்கு டீப் கோவ் வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை இரண்டு புது எண்ணெய்ப் புட்டிகள் வாங்கி வந்து, சிகிச்சையை முதலிலிருந்து மறுபடி செய்தார். அவசரத்தில் செய்ததை அவர் நம்பவில்லை. சக்கரம் ஐந்தாவது சுற்றில் கோடி தட்டிய பிறகுதான் காப்பி குடிக்க உட்கார்ந்தார்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால், டீப் கோவில் கயாக் என்னும் துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கிறது. காலையில் காற்று எழுமுன் புறப்பட்டுவிடுங்கள்.